கார் பெயின்டுக்கு வேக்ஸா, சீலன்டா? தேர்ந்தெடுப்பதும் பூசுவதும்

காருக்கு வேக்ஸ் போடலாம் என்று முடிவு செய்தவர்கள் முதலில் கேட்பது, "எதை வாங்கலாம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் டப்பாவின் மூடியைத் திறக்கும் முன்பே இந்த வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். சுத்தமாக, வழவழப்பாக இருக்கும் பெயின்டில் சாதாரண வேக்ஸ் போட்டாலே நன்றாக நிற்கும். தூசும் தாரும் ஒட்டிக்கிடக்கும் பெயின்டில் எவ்வளவு உயர்ந்த சரக்கைப் போட்டாலும் சில வாரங்களில் போய்விடும். அதனால் பூசுவதைப் பற்றி எழுதுவதைவிடக் கழுவுவதைப் பற்றியே இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் பெயின்டைப் பற்றிக் கொஞ்சம்

இன்றைய கார்களில் உலோகத்தின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அப்புறம் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று பல அடுக்குகள் இருக்கும். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர். அதில் கிளியர் கோட் சுமார் 40 அல்லது 50 மைக்ரான் இருக்கும். நாம் ரசிக்கும் பளபளப்பு முழுக்க இந்த அடுக்கில்தான் இருக்கிறது. வெயிலில் நிறம் வெளுக்காமல் காக்கும் புற ஊதாத் தடுப்பான்களும் இதிலேயே கலந்திருக்கின்றன.

பாலிஷுக்கும் வேக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. பாலிஷில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் உண்டு. அது கிளியர் கோட்டை ஒரு துளி சீவி எடுத்து, கீறல்களின் விளிம்பைச் சமமாக்கும். எடுத்தது திரும்ப வராது. வேக்ஸும், அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பூச்சான சீலன்டும் எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு மெல்லிய படலம் சேர்க்கின்றன, அவ்வளவுதான். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி பாட்டிலில் இருக்கும். பெயரைப் படிக்காமல் வாங்கினால், பாலிஷை வேக்ஸ் என்று நினைத்து மாதாமாதம் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்தப் படலம் எதைச் செய்யும், எதைச் செய்யாது? சாலையில் தெறிக்கும் கல்லைத் தடுக்காது. சாவி உரசினால் காப்பாற்றாது. வெயிலின் தாக்கத்தைப் பெரிதாகக் குறைக்கும் என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அது செய்வது வேறு: தண்ணீரும் அழுக்கும் பெயின்டைப் பிடித்துக்கொள்ள விடாது. பெயின்டில் தெரியும் வட்ட வட்டமான நுண்கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் நாமே போடுபவை. அழுக்கு எளிதில் விலகினால் தேய்ப்பது குறையும்; தேய்ப்பது குறைந்தால் கீறலும் குறையும். வேக்ஸ் தரும் பாதுகாப்பில் பெரிய பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வேக்ஸ் என்றால் பெரும்பாலும் கார்னூபா மெழுகு கலந்தது. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை வகையின் இலைகளில் படியும் மெழுகு இது. இயற்கை மெழுகுகளிலேயே மிகக் கடினமானது என்று பெயர் பெற்றது. 80 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும். அதைத் தனியாகக் கையில் எடுத்துப் பூசவே முடியாது. எண்ணெய், கரைப்பான், வேறு மெழுகுகள் எல்லாம் கலந்துதான் பூசும் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதனால் டப்பாவில் "100 சதவீத கார்னூபா" என்று போட்டிருந்தால், உள்ளே இருக்கும் கார்னூபா கலப்படமில்லாதது என்றுதான் அர்த்தம். டப்பா முழுக்க அதுவே இருக்கிறது என்று அர்த்தமில்லை. கறுப்பு, அடர் நீலம், சிவப்பு போன்ற நிறங்களுக்கு வேக்ஸ் ஓர் ஆழத்தைக் கொடுக்கும். பூசுவதும் சுகமான வேலை. குறை, ஆயுள்தான்: பொதுவாக ஒன்று முதல் இரண்டு மாதம். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் காரில் அதுகூட இருக்காது.

சீலன்ட் என்பது செயற்கை பாலிமர்களால் ஆனது, பெரும்பாலும் சிலிகோன் வகை. வெப்பத்தையும் ஷாம்பூவையும் வேக்ஸைவிட நன்றாகத் தாங்கும். ஒழுங்காகத் தயார் செய்த பெயின்டில் நான்கு முதல் ஆறு மாதம் வரை எதிர்பார்க்கலாம். பளபளப்பு கொஞ்சம் கூர்மையாகத் தெரியும். வெள்ளை, சில்வர் கார்களுக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் பூசிய பிறகு இறுகுவதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தில் தண்ணீர் படக் கூடாது.

இவற்றைத் தவிர ஸ்ப்ரே வகைகள் உண்டு. தெளித்துத் துடைத்தால் வேலை முடிந்தது. தனியாக நம்பியிருப்பதைவிட, ஏற்கெனவே போட்ட வேக்ஸுக்கோ சீலன்டுக்கோ மேல்பூச்சாக வைத்துக்கொள்வது நல்லது. கிளீனர் வேக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் கொஞ்சம் தேய்ப்புத் துகளும் கலந்திருக்கும். லேசாக மங்கிய பழைய காருக்கு ஒரே தடவையில் நல்ல மாற்றம் தரும். ஆனால் அதை அடிக்கடி போடாதீர்கள். நன்றாக இருக்கும் சீலன்டின் மேலும் போடாதீர்கள், அதைச் சுரண்டி எடுத்துவிடும்.

செராமிக் கோட்டிங் தனி விஷயம். அது பெயின்டின் மேல் இறுகிப்போகும். எங்காவது திட்டாக நின்றுவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் முறை இந்த வேலையில் இறங்குபவர் அதில் தொடங்க வேண்டாம்.

என் பரிந்துரை இதுதான்: கார் திறந்தவெளியில் நிற்கிறதா, வருடத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் உட்கார்ந்து பூச நேரமில்லையா? திரவ சீலன்ட் வாங்குங்கள். புதியவர்களின் கைக்கு அதுவே எளிது. கார் கூரைக்கடியில் நிற்கிறது, அடர் நிறம், இந்த வேலையே உங்களுக்குப் பிடிக்கும் என்றால் பேஸ்ட் வேக்ஸ் எடுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் சீலன்ட், அது இறுகிய பிறகு மறுநாள் வேக்ஸ். வரிசையை மாற்றாதீர்கள்: வேக்ஸிலுள்ள மெழுகும் எண்ணெயும் சீலன்டைப் பெயின்டோடு பிடிக்க விடாது.

பளபளப்பே இல்லாத மேட் பெயின்ட் உள்ள கார் என்றால் இந்த இரண்டுமே வேண்டாம். சாதாரண வேக்ஸ் அங்கங்கே பளபளப்புத் திட்டுகளை உண்டாக்கும், போகவே போகாது. மேட் பெயின்டுக்கென்றே தனியாக விற்பதை மட்டும் பயன்படுத்துங்கள். பட்டறையில் புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதி இருந்தாலும் பொறுங்கள். அதிலுள்ள கரைப்பான் முழுக்க வெளியேற குறைந்தது ஒரு மாதம், சில பெயின்டுகளுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அடித்தவரிடமே கேட்டுவிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த புதுக் காருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதன் பெயின்ட் சூளையில் சூடேற்றி இறுக்கப்பட்டது.

கழுவுதல்

நிழலில் நிறுத்துங்கள். முதலில் சக்கரங்கள், அதற்குத் தனி வாளி, தனி பிரஷ். சக்கரத்தில் பட்ட துணி பெயின்டைத் தொடவே கூடாது, பிரேக் தூசியில் இரும்புத் துகள்கள் இருக்கும். பிறகு கார் முழுக்கத் தண்ணீர் அடித்து, தளர்வாக இருக்கும் மண்ணையெல்லாம் ஓடவிடுங்கள். இந்த ஒரு வேலைக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் கொடுங்கள். தண்ணீரோடு போகிற மண் துணியில் சிக்கி உரசாது.

அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். கதவின் அடிப்பகுதியும் பம்பரின் கீழ்ப்பகுதியும் கடைசியில். அழுத்தாமல், நேர்கோட்டில்.

பழைய வேக்ஸை எடுக்கப் பாத்திரம் கழுவும் திரவத்தைப் போடச் சொல்பவர்கள் உண்டு. தேவையில்லை. அது ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை வறளவைக்கும். பழைய படலத்தை எடுக்க வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

துடைக்கும்போது பெரிய, அடர்த்தியான மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். கதவுகள், டிக்கி, பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் திறந்து துடையுங்கள். பக்கக் கண்ணாடிக்குள்ளும் எழுத்துப் பட்டைகளுக்குப் பின்னாலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். நீங்கள் சீலன்ட் பூசி முடித்த பிறகு சரியாக அதன் மேல் ஒழுகும்.

தொட்டுப் பார்த்தல்

கழுவிய காரைப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கைவிரலில் மாட்டிக்கொண்டு பானெட்டில் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பை இருந்தால் விரலின் உணர்வு கூடும். சொரசொரவென்று இருந்தால், ஷாம்பூவில் போகாத அழுக்கு பெயின்டில் பதிந்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் கூரையும் பானெட்டும் டிக்கியும் இப்படித்தான் இருக்கும். வழவழவென்று இருந்தால் அடுத்த மூன்று பத்திகளையும் விட்டுவிட்டு நேராகப் பாலிஷைப் பற்றிய பகுதிக்குப் போகலாம்.

இரும்புத் துகளுக்கு அயர்ன் ரிமூவர் தெளியுங்கள். இரும்பைச் சந்தித்ததும் அது ஊதா நிறத்தில் வழியும். முதல் முறை பார்க்கும்போது வியப்பாக இருக்கும். வாடை கடுமை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பெயின்டில் காய விடாமல் சில நிமிடங்களில் அலசிவிட வேண்டும். தாருக்குத் தார் ரிமூவரைத் துணியில் எடுத்து, அந்தப் புள்ளியில் சற்று நேரம் வைத்திருந்து, ஊறிய பின் மெல்ல வழியுங்கள். நகத்தால் சுரண்டாதீர்கள்.

மிச்சத்தை கிளே எடுக்கும். கிளே என்பது பிசைந்து தட்டையாக்கிக்கொள்ளும், களிமண் போன்ற ஒரு கட்டி. உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தட்டி, பெயின்டின் மேல் அதற்கான வழுக்கு திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தமே கொடுக்காமல் நேர்கோட்டில் நகர்த்துங்கள். முதலில் இழுக்கும், சிறிய உரசல் ஓசை கேட்கும். போகப் போக ஓசை நின்று வழுக்கிக்கொண்டு போகும். அந்த இடம் முடிந்தது. பெயின்டின் மேல் ஈரம் காய்ந்தால் கிளே ஒட்டிக்கொள்ளும், அதனால் தெளிப்பதில் சிக்கனம் வேண்டாம். அழுக்கேறிய பக்கத்தை உள்ளே மடித்துப் புதிய பக்கத்தை எடுத்துக்கொண்டே போங்கள். கிளே தரையில் விழுந்துவிட்டால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். ஒட்டிய மணலை எடுத்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பப் பயன்படுத்தினால் காரில் கோடு விழும்.

கிளே போட்ட இடத்தில் பழைய வேக்ஸ் பெரும்பாலும் போயிருக்கும். அதனால் கிளே போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. வருடத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் இது தேவைப்படாது.

பாலிஷ் வேண்டுமா?

வெயிலில் அல்லது டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி வலை போல வட்டக் கீறல்கள் தெரிந்தால், அவற்றைக் குறைக்கப் பாலிஷ்தான் வழி. வேக்ஸ் அவற்றைக் கொஞ்ச நாளுக்கு மறைக்கும், நீக்காது. ஆனால் பாலிஷ் போடாமலேயே வேக்ஸோ சீலன்டோ போடலாம், பாதுகாப்பில் குறை வராது. முதல் முறை செய்பவர் மெஷினைக் கையில் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். விளிம்புகளில் கிளியர் கோட் மெல்லியதாக இருக்கும், நொடியில் தேய்ந்துவிடும்.

சீலன்ட் போடுவதாக இருந்தால் இன்னும் ஒரு படி உண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் 15 முதல் 25 சதவீதம் மட்டும் இருக்கும்படி தண்ணீர் கலந்து, துணியில் தெளித்துப் பெயின்டைத் துடையுங்கள். பாலிஷின் எண்ணெயும் பழைய வேக்ஸின் மிச்சமும் போகும். சீலன்ட் நேராகப் பெயின்டைப் பிடிக்கும். பெட்ரோலோ தின்னரோ ஒருபோதும் வேண்டாம். வேக்ஸ் மட்டும் போடுபவர்கள் இதை விட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

பூசுதல்

புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள். சூடாகத் தெரிந்தால் காத்திருங்கள். சூடான பெயின்டில் கரைப்பான் சட்டென்று ஆவியாகி, பூச்சு திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். காற்றில் தூசு பறக்காத, பனி இறங்காத நேரமாகப் பாருங்கள். சக்கர வளைவு, கதவு ஓரம், வைப்பருக்கு அடியில் என்று பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் எங்கே இருந்தாலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வேக்ஸ் அதில் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் படியும், எடுப்பது பெரும்பாடு. முன் கண்ணாடியிலும் பூச வேண்டாம், வைப்பர் தடதடக்கும்.

ஃபோம் பேடில் திரவ சீலன்டை மூன்று நான்கு சொட்டு விடுங்கள். பேஸ்ட் வேக்ஸ் என்றால் பேடை டப்பாவில் வைத்து ஒரு சுற்று திருப்பினால் போதும். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பானெட் என்றால் பாதி, கதவு என்றால் முழுதும். ஒரு வரி முந்தைய வரியின் பாதியை மூடும்படி நேர்கோட்டில் பூசிவிட்டு, குறுக்காக இன்னொரு முறை வாருங்கள். வட்டமாகப் பூசினால் கீறல் விழும் என்ற பேச்சை நம்பிப் பயப்பட வேண்டாம். பேடும் பெயின்டும் சுத்தமாக இருந்தால் எப்படிப் பூசினாலும் ஒன்றுதான். நேர்கோட்டில் பூசினால் எந்த இடம் விட்டுப்போனது என்று தெரியும், அதற்காகத்தான்.

மெல்லியதாகப் பூசுவதுதான் இதில் கைவர வேண்டிய வித்தை. பூசிய இடத்தில் லேசான மங்கல் தெரிந்தால் போதும். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். பெயின்டைப் பிடித்துக்கொள்வது அடியில் இருக்கும் மெல்லிய படலம் மட்டுமே. மேலே உள்ளதையெல்லாம் நீங்கள் துணியால் துடைத்து எறியத்தான் போகிறீர்கள், அதுவும் கஷ்டப்பட்டு. ஒரு சாதாரண கார் முழுவதற்கும் திரவ சீலன்ட் 30 மில்லிலிட்டருக்கு மேல் செலவானால் கையைக் குறைக்க வேண்டும்.

எப்போது துடைப்பது? கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். பூசிய இடத்தில் சுத்தமான விரலால் ஒரு கோடு இழுங்கள். கோட்டில் பெயின்ட் பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம். ஈஷிக்கொண்டால் இன்னும் சில நிமிடம் ஆகட்டும். பேஸ்ட் வேக்ஸில் சிலவற்றைப் பூசியவுடனே துடைக்கச் சொல்லியிருப்பார்கள், டப்பாவில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். பெரும்பாலான சீலன்டுகளை கார் முழுக்கப் பூசிவிட்டு, முதலில் பூசிய இடத்திலிருந்து துடைத்துக்கொண்டு வரலாம்.

மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்தால் முன்பக்கம் பின்பக்கமாக எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு துணியால் படிந்ததை எடுங்கள், இன்னொரு துணியால் மெருகேற்றுங்கள். துணி நகராமல் இழுத்தால் அந்த முகம் நிறைந்துவிட்டது, மாற்றுங்கள். எங்காவது காய்ந்துபோய் வர மறுத்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள். அதே வேக்ஸைக் கொஞ்சம் அதன் மேலேயே தடவி உடனே துடையுங்கள். புதியதிலுள்ள கரைப்பான் பழையதை இளக்கிவிடும். துணியில் காரின் நிறம் ஒட்டுகிறதென்றால் அது கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்ட். தேய்ப்புத் துகள் கலந்த எதையும் அதில் போடும்போது மிகக் கவனமாக இருங்கள்.

இரண்டாம் கோட் போடலாமா? போடலாம், முதல் முறை விட்டுப்போன இடங்களை மூடுவதற்கு. சீலன்ட் என்றால் நடுவில் டப்பாவில் சொல்லியிருக்கும் இடைவெளி, பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் விடுங்கள். மூன்று, நான்கு கோட் என்று அடுக்கிப் பயனில்லை. வேக்ஸில் புதிய கோட்டின் கரைப்பான் பழைய கோட்டையும் சேர்த்து இளக்கிவிடுகிறது.

பூசிய பிறகு

சீலன்ட் போட்ட காரில் 12 முதல் 24 மணி நேரம் தண்ணீர் படாமல் பாருங்கள். தவறி மழையோ பனியோ விழுந்துவிட்டால், காய விடாமல் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

பறவை எச்சம் விழுந்தால் வேக்ஸ் இருக்கிறதே என்று விட்டுவைக்காதீர்கள். அதிலுள்ள அமிலமும் வெயிலும் சேர்ந்தால் கிளியர் கோட்டில் தழும்பு விழும். வேக்ஸ் உங்களுக்குக் கொடுப்பது கொஞ்சம் அவகாசம். ஈரத் துணியை மேலே போட்டு ஊறவைத்து, வழித்து எடுங்கள். உலர்ந்த எச்சத்தைத் தேய்க்காதீர்கள்.

தண்ணீர் முத்து முத்தாக நிற்பது நின்றுவிட்டால் உடனே வேக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மேலே அழுக்குப் படலம் இருந்தாலும் அப்படித்தான் ஆகும். ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவிப் பாருங்கள். அப்போதும் தண்ணீர் பரவி ஒட்டிக்கொண்டு நின்றால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது. கூரையிலும் பானெட்டிலும்தான் முதலில் போகும், ஏனென்றால் வெயில் அங்கேதான் நேராக விழுகிறது. அவற்றுக்கு மட்டும் இடையில் ஒருமுறை போட்டால், முழுக் காருக்கும் போடுவதைத் தள்ளிப்போடலாம். பிரஷ் சுழலும் தானியங்கிக் கழுவுமிடங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

துணிகளை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டால் இழைகள் அடைத்து, துணி ஈரத்தை உறிஞ்சாது. டப்பாவின் மூடியை இறுக்கி மூடி வீட்டுக்குள் வையுங்கள். டிக்கியின் சூட்டில் கிடந்தால் கரைப்பான் ஆவியாகி, பேஸ்ட் சுருங்கி ஓரம் விட்டுவிடும். சீலன்ட் பாட்டிலை ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு எடுங்கள். வேக்ஸுக்கு ஒரு பேட், சீலன்டுக்கு ஒரு பேட் என்று பிரித்து, பெயர் எழுதிய பைகளில் போட்டு வைத்தால் அடுத்த முறை ஒன்றோடொன்று கலக்காது.